ரொட்டி வண்டிக்குப் பின்னால்

வரைபடத்தில் சாலையோரம் பச்சைக்கோடு ஓடினால்
அழகான சாலை என்று அர்த்தமாம்.
மூன்று நாள் பச்சைக்கோட்டின் மேலேயே ஓட்டினோம்.
காட்சிமுனை ஒவ்வொன்றிலும் ஏழெட்டு கார்கள், ஒரு பேருந்து,
முதுகுக்குப் பின்னால் ஆற்றை நிறுத்திப்
படமெடுத்துக்கொள்ள ஒரு வரிசை.
ஆறு நன்றாகத்தான் இருந்தது,
வரவேற்பு மேடையில் நின்று களைத்த மாப்பிள்ளைபோல
வருகிற எல்லோருக்கும் ஒரே சிரிப்பு.

வாடகைக் காரில் கியர் வலப்பக்கம்.
திருப்பம் வரும்போதெல்லாம் என் இடது கை
கியரைத் தேடிப்போய்க் கதவில் இடித்துக்கொண்டு
வெறுங்கையாய்த் திரும்பியது.
நீ ஒவ்வொரு முறையும் சிரித்தாய்.
மூன்றாம் நாள் சிரிக்கவில்லை.

நான்காம் நாள் காலை,
போர்ச்சுகலின் வடகிழக்கு மூலையில்,
அதோசிந்தாவின் காப்பிக்கடையில்,
கைப்பேசியில் மனப்பாடம் செய்த வாக்கியத்தைச் சொன்னாய்:
இங்கே அழகான சாலை எது?

அதோசிந்தா கோப்பையைத் துடைப்பதை நிறுத்தினாள்.
கேள்வி புரிந்தது.
அப்படி ஒன்று இருக்குமென்று அவள் யோசித்ததில்லை.
மூலை மேசைக்காரர் முந்திக்கொண்டார்:
புது நெடுஞ்சாலை!
பிரகன்சா ஆஸ்பத்திரிக்கு நாற்பதே நிமிடம்.
முன்பு இரண்டரை மணி, வழியில் இரண்டு முறை வாந்தி.
அதைவிட அழகு என்ன வேண்டும் உங்களுக்கு?

காதுமடலில் மாவு ஒட்டியிருந்த பெல்மீரோ
கடைசி மிடறைக் குடித்துவிட்டு எழுந்தான்.
எனக்குப் பதினான்கு ஊர் இருக்கிறது.
வேண்டுமானால் பின்னால் வாருங்கள்.
ஹாரன் அடிப்பேன், உங்களைத் திட்டுவதாக நினைக்காதீர்கள்.

வரைபடம் அந்தச் சாலையை
மயிரிழையாய்த் தொடங்கி
மடிப்பில் தொலைத்திருந்தது.
இருபுறமும் பலகைக்கல் சுவர்;
பக்கக் கண்ணாடியை மடக்கினால்தான் கார் நுழையும்.
தக்கை மரங்களின் உரித்த செந்தண்டில்
வெள்ளைப் பெயிண்டில் ஏழு, ஏழு, ஏழு,
பட்டையெடுத்த ஆண்டின் கடைசி எண்.
சரிவு முழுக்க ஏதோ மஞ்சள் பூ.
பெயர் கேட்டோம்.
துடைப்பம், என்றான்.

ஊர் என்றால் ஆறு வீடு. சில இடத்தில் மூன்று.
ஹாரன். நாய். கதவுப்பிடியில் தொங்கும் துணிப்பை.
பைக்குள் ரொட்டி, பைக்குள்ளிருந்த சில்லறை அவன் சட்டைக்குள்.
யாரும் வெளியே வரவில்லை.
நாங்கள் படமெடுக்கவும் மறந்துபோனோம்,
அவன் அவ்வளவு வேகம்.

ஒன்பதாம் ஊருக்கு மேலே
மருந்துத் தொட்டியோடு ஒரு டிராக்டர் எதிரே வந்தது.
வழிவிட வேண்டியது கடைசி வண்டி, அதாவது நாங்கள்.
ஒரு கிலோமீட்டர் பின்னோக்கி ஓட்டினேன்,
கழுத்தைத் திருப்பி, நீ வெளியே தலைநீட்டி
வா, வா, நில், ஐயோ நில் என்று கத்த.
அப்போதுதான் பின்கண்ணாடி நிறையப் பார்த்தேன்
ஏறிவந்த பள்ளத்தாக்கை:
மூன்று மடிப்பு மலை, அடியில் ஒரு நூல் தண்ணீர்,
இத்தனை நேரமும் எங்கள் முதுகுக்குப் பின்னால்.
ரசிக்க முடியவில்லை. இடப்பக்கம் சுவர் இல்லை.

பதினோராம் ஊரில்
ஒரு பையில் நேற்றைய ரொட்டி அப்படியே இருந்தது.
பெல்மீரோ எஞ்சினை அணைத்தான்.
நாங்களும் அணைத்தோம்.
சுல்மீரா அம்மா, என்றான். தட்டினான்.
வீட்டின் பக்கவாட்டில் போனான், திரும்பி வந்தான்,
மறுபடி தட்டினான், இப்போது உள்ளங்கையால்.
பள்ளத்தாக்கில் எங்கோ ஒரு குயில் கூவியது,
அதை யாராவது நிறுத்தினால் தேவலை என்றிருந்தது.

மாடி ஜன்னல் திறந்தது.
பல்செட் ரிப்பேருக்குப் போயிருக்கிறதடா!
இரண்டு நாளாய் வெறும் சூப்!
எந்தப் பல்லால் உன் ரொட்டியைக் கடிக்க?
பிறகு எங்களைப் பார்த்து,
இவர்கள் யார், வரி ஆட்களா?

இல்லை, என்றான், சாலை பார்க்க வந்தவர்கள்.
எந்தச் சாலை?
இது.
அவள் எட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.
இதில் என்ன? என்றாள்.

நேற்றைய ரொட்டி எங்களுக்குக் கிடைத்தது.
வரைபடத்தை மடியில் விரித்து அதன்மேல் பிய்த்துத் தின்றோம்.
திரும்புகையில் நெடுஞ்சாலையைப் பிடித்தோம்.
நாற்பது நிமிடம், குலுங்கல் இல்லை, வாந்தி இல்லை.
மூலை மேசைக்காரர் சொன்னது சரிதான்.
ஒருமுறை மட்டும் கை கதவில் இடித்தது.
நீ சிரித்தாய்.